காலை முதல் ஸ்டார்ட்டில் நடுங்கும் பெட்ரோல் கார்: ஐடிலிங் கோளாறைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ராத்திரி முழுக்க நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது. ஸ்டீயரிங் நடுங்குகிறது, ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் அணைந்துவிடும் போலிருக்கிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஆகிவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால், "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வண்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் என்ஜின் சூடாகிவிட்டது.

இந்த ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடுவது) கோளாறு ஒரு நாளைக்கு மூன்று நிமிடம்தான் முகம் காட்டும். அந்த மூன்று நிமிடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாதவர்கள் முதலில் பிளக்கை மாற்றுவார்கள், அப்புறம் பிளக்கில் பொறி வர மின்சாரம் கொடுக்கும் காயில், அப்புறம் பெட்ரோல் பம்ப். காசு கரையும், நடுக்கம் நிற்காது. கீழே உள்ள வரிசை எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சும்) பெட்ரோல் கார்களுக்கு. டீசல் பற்றிப் பின்னால் கொஞ்சம் உண்டு.

சூடானதும் ஏன் சரியாகிறது?

'கோல்டு ஸ்டார்ட்' என்றால் ஊட்டிக் குளிர் என்று நினைக்க வேண்டாம். என்ஜின் வேலை செய்யும் சூடு சுமார் 90 டிகிரி. சென்னையில் மே மாதக் காலையில் 30 டிகிரியில் நிற்கும் என்ஜினும், அதைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவின் கணக்கில் குளிர்ந்த என்ஜின்தான்.

பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவியானால்தான் எரியும். குளிர்ந்த என்ஜினில் இன்ஜெக்டர் பீய்ச்சும் பெட்ரோலில் ஒரு பகுதி காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயின் சுவரிலும் வால்வின் முதுகிலும் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. அதை ஈடுகட்ட இசியூ கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கிறது. எவ்வளவு கூடுதல் என்பதைக் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டைக் காட்டும் சென்சாரை நம்பித்தான் முடிவு செய்கிறது. கொடுத்த அளவு சரியா என்று திரும்பச் சொல்ல வேண்டியது சைலன்சர் பக்கமிருக்கும் ஆக்ஸிஜன் சென்சார். அது சுமார் 300 டிகிரி சூடாகும்வரை வாய் திறக்காது. அதுவரை இசியூ தன்னிடமிருக்கும் அட்டவணையை மனப்பாடமாக ஒப்பித்து என்ஜினை ஓட்டுகிறது. எங்கோ கொஞ்சம் காற்று கசிந்தாலும், ஒரு இன்ஜெக்டர் அடைத்திருந்தாலும் அந்த நேரத்தில் திருத்த ஆளில்லை. ஆக்ஸிஜன் சென்சார் விழித்ததும் இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைத்து நடுக்கத்தை மறைத்துவிடும். கோளாறு போகவில்லை, மூடி வைக்கப்பட்டிருக்கிறது.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் இதில் சேரும். எத்தனால் 78 டிகிரியில்தான் கொதிக்கும், ஆவியாக அதிக வெப்பத்தை உறிஞ்சும். நல்ல நிலையில் இருக்கும் என்ஜின் சமாளித்துக்கொள்ளும். ஏற்கெனவே பிளக் தேய்ந்தோ இன்ஜெக்டர் பாதி அடைத்தோ ஓடிக்கொண்டிருந்த வண்டி காலையில் காட்டிக்கொடுத்துவிடும்.

எது கோளாறு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டார்ட் ஆன முதல் நிமிடத்தில் 1,200 முதல் 1,500 ஆர்பிஎம் வரை ஓடி, மெல்ல 700-850க்கு இறங்குவது இயல்பு. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்கப் பல கார்களில் இசியூ வேண்டுமென்றே பொறி அடிக்கும் நேரத்தைத் தாமதப்படுத்தும். அப்போது வரும் கரகரப்பான சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. சைலன்சரிலிருந்து கொஞ்சம் தண்ணீர் சொட்டுவதும் அப்படித்தான்.

படி 1: சாவியைத் திருப்பும் முன்பே

முந்தைய நாள் இரவு நிறுத்தியதிலிருந்து குறைந்தது எட்டு மணி நேரம் என்ஜினைத் தொடக் கூடாது. 2013க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் டாஷ்போர்டுக்குக் கீழே ஓபிடி போர்ட் (இசியூவோடு பேசும் சாக்கெட்) இருக்கும். அதில் செருகும் சாதாரண புளூடூத் கருவியும் போனில் ஒரு ஆப்பும் போதும். பழைய எர்ரர் கோடுகள் (இசியூ பதிவு செய்து வைக்கும் கோளாறு எண்கள்) இருந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உடனே அழித்துவிடாதீர்கள். கோடு விழுந்த நொடியில் கூலன்ட் சூடு, ஆர்பிஎம் எவ்வளவு இருந்தது என்று இசியூ சேமித்து வைத்திருக்கும், அதுவும் சேர்ந்து அழிந்துவிடும்.

இப்போது இக்னிஷனை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

கூலன்ட் சூடும், உள்ளே போகும் காற்றின் சூடும். ராத்திரி முழுக்க நின்ற காரில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக, வெளிச் சூட்டுக்கு நான்கைந்து டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெளியே 27, காற்று 28, கூலன்ட் மட்டும் 60 என்று காட்டினால் மேலே தேட வேண்டியதில்லை. என்ஜின் சூடாக இருக்கிறது என்று நம்பி இசியூ கூடுதல் பெட்ரோலை நிறுத்திவிட்டது. மைனஸ் 40 காட்டினால் சென்சாரின் வயர் அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது.

மேனிஃபோல்டு அழுத்தம், அதாவது இன்டேக் குழாய்க்குள் இருக்கும் காற்றின் அழுத்தம். ஸ்டார்ட் செய்யாதபோது இது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். கடலோர ஊர்களில் சுமார் 100 கிலோபாஸ்கல். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே 77 பக்கம் காட்டினால் சென்சார் சரியாகத்தான் இருக்கிறது.

பேட்டரி. நின்ற நிலையில் 12.4 முதல் 12.7 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. வோல்டேஜ் குறைந்தால் இன்ஜெக்டர் தாமதமாகத் திறக்கும், காயிலின் பொறியும் வலுவிழக்கும். ஸ்டார்ட் ஆனபின் 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்க வேண்டாம்.

படி 2: அந்த மூன்று நிமிடம்

ஆப்பில் ஆர்பிஎம், கூலன்ட், ஃப்யூவல் ட்ரிம் (பெட்ரோலை இசியூ எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண்), மேனிஃபோல்டு அழுத்தம் நான்கையும் பதிவு செய்ய வைத்து, ஏசியை அணைத்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். இன்னொருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது, மெக்கானிக்கிடம் வாயால் விளக்குவதைவிட அது பேசும்.

நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே பிடிக்கிறதா? ராத்திரியில் பெட்ரோல் லைனின் அழுத்தம் இறங்கிவிடுகிறது. மறுநாள் இக்னிஷனை மூன்று நொடி ஆன் செய்து அணைப்பதை மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். பட்டென்று பிடித்தால் சந்தேகம் உறுதி.

முதல் நொடியிலேயே கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால், ராத்திரி ஏதோ ஒரு இன்ஜெக்டர் சொட்டியிருக்கிறது. நீலப் புகை வந்து ஒரு நிமிடத்தில் மறைந்தால் வால்வு சீல் வழியே ஆயில் இறங்குகிறது. அடர்த்தியான வெள்ளைப் புகை, இனிப்பான வாசனை, கூடவே கூலன்ட் அளவும் குறைகிறதென்றால் ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள சீல்) பக்கம் போங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

புகை எதுவும் இல்லை, என்ஜின் 'தப்... தப்...' என்று ஒரே சீராகத் தவறி அடிக்கிறது என்றால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. அதுவே ஒழுங்கில்லாமல் மேலும் கீழும் ஊசலாடினால் காற்று சம்பந்தப்பட்டது. தவறி அடிக்காமல் ஆர்பிஎம் மட்டும் தாழ்ந்து, அணையப் பார்த்தால், என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி.

படி 3: காற்று வரும் வழி

பெரும்பாலான வண்டிகளில் பதில் இங்கேயே கிடைத்துவிடும். செலவும் குறைவு. அதனால்தான் பாகங்களைச் சோதிப்பதில் இதை முதலில் வைத்திருக்கிறேன்.

ஏர் ஃபில்டருக்குப் பிறகு வரும் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி, த்ராட்டில் பட்டர்ஃபிளையை (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) பாருங்கள். ஐடிலிங்கில் காற்று நுழைவது அதன் ஓரத்திலுள்ள முடியளவு இடைவெளியில்தான். அங்கே கறுப்புக் கரி படிந்தால் காற்று போதாது. குளிர்ந்த என்ஜினில் ஆயில் கெட்டியாக இருப்பதால் உராய்வும் அதிகம், காற்றும் கூடுதலாக வேண்டும். எனவே மூச்சுத்திணறல் காலையில்தான் தெரியும்.

த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். நேராக உள்ளே பீய்ச்சினால் மோட்டார், சென்சார் பக்கம் இறங்கும். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் இக்னிஷன் ஆனில் இருக்கும்போது பட்டர்ஃபிளையை விரலால் தள்ளவே கூடாது. உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம், உடைந்தால் முழு த்ராட்டில் பாடியும் போச்சு. பழைய வகையில் தனியாக ஐடில் ஏர் கன்ட்ரோல் வால்வு இருக்கும். அதைக் கழற்றி முனையையும் அது உட்காரும் துளையையும் துடைக்க வேண்டும். முனையைக் கையால் இழுக்கவோ அழுத்தவோ கூடாது.

துடைத்தபின் ஆர்பிஎம் திடீரென்று கூடினால் பயப்பட வேண்டாம். கரி படிந்த நாட்களில் பட்டர்ஃபிளையைக் கூடுதலாகத் திறந்து வைக்க இசியூ பழகியிருந்தது, அதை மறக்க வேண்டும். சில கார்களில் பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டால் தானே கற்றுக்கொள்ளும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வழியாக மறுகற்றல் கொடுக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு ஐடிலிங் கெடுவதற்கும் இதுவே காரணம்.

அடுத்து வேக்கம் கசிவு, அதாவது த்ராட்டில் வழியே வராமல் வேறு ஓட்டை வழியே காற்று உள்ளே நுழைவது. ரப்பரும் கேஸ்கெட்டும் குளிரில் சுருங்கும், சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே சூடான என்ஜினில் எத்தனை மணி நேரம் தேடினாலும் கிடைக்காத கசிவு, காலை முதல் நிமிடத்தில் உஸ்ஸென்று தானே சத்தம் போடும். பார்க்க வேண்டிய இடங்கள்: என்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி குழாயின் வளைவு, பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாய், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர் அடியிலுள்ள ஓ-ரிங். நம் ஊரில் இன்னொரு முக்கிய காரணம் எலி. ராத்திரி சூடான என்ஜின் மேல் படுத்து, மெல்லிய வேக்கம் குழாயையும் வயரையும் கடித்து வைக்கும். பானெட்டைத் திறந்ததும் எலிப்புழுக்கை கண்ணில் பட்டால் ஸ்கேனரை மூடிவிட்டு டார்ச்சை எடுங்கள்.

சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் எடுத்துக்கொண்டு, ஸ்டார்ட் ஆன உடனே சந்தேகமான இணைப்புகளில் ஒவ்வொன்றாக அடியுங்கள். கசியும் இடத்தில் அது உறிஞ்சப்பட்டு, சத்தமோ ஆர்பிஎம்மோ ஒரு கணம் மாறும். கார்புரேட்டர் கிளீனரை அடித்துத் தேடுவது பழைய வழக்கம். பலன் உண்டு, ஆனால் சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கும். வசதி இருந்தால் ஒர்க்‌ஷாப்பில் ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். இன்டேக்கில் புகையை அனுப்பினால் ஓட்டை எங்கே என்று கண்ணுக்கே தெரியும்.

இங்கே பலரும் தடுமாறும் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் உள்ள கார்களில், கசிவு வழியே நுழையும் காற்று கணக்கில் வராது. பெட்ரோல் போதாமல் நடுக்கம் வரும், பி0171 என்ற 'லீன்' கோடு (காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்பது) விழும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வகையில் அந்தக் காற்றும் கணக்கில் சேர்ந்து அதற்கான பெட்ரோலும் போய்விடும். அங்கே நடுக்கத்தைவிட ஆர்பிஎம் ஏறி நிற்பது, ஏறி இறங்குவது அதிகம் தெரியும். உங்கள் கார் எந்த வகை என்று தெரியாமல் 'லீன் கோடு இல்லை, அதனால் கசிவு இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது.

என்ஜின் சூடானபின் ஃப்யூவல் ட்ரிம்மைப் பாருங்கள். ஐடிலிங்கில் பிளஸ் 20 இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் பிளஸ் 5க்குள் இறங்கினால் வேக்கம் கசிவு. இரண்டிலும் பிளஸ் 20 என்றால் பெட்ரோல் அழுத்தம் அல்லது மாஃப் சென்சார். மைனஸ் 15, 20 என்று போனால் இன்ஜெக்டர் சொட்டுகிறது, இல்லாவிட்டால் பெட்ரோல் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு திறந்தபடி நின்றுவிட்டது. டேங்க் நிரப்பிய உடனே ஸ்டார்ட்டில் தகராறு செய்தால் பர்ஜ் வால்வுதான். அந்தக் குழாயைக் கழற்றி விரலால் மூடினால் ஐடிலிங் நேராகிவிடும்.

படி 4: கூலன்ட் சென்சாரும் தெர்மோஸ்டாட்டும்

படி 1இல் கூலன்ட் எண் தப்பாக இருந்தால் மல்டிமீட்டரில் உறுதி செய்யலாம். கனெக்டரைக் கழற்றி இரண்டு முனைகளுக்கிடையே அளந்தால், பல கார்களில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் இருக்கும். சூடு ஏற ஏற ஓம் குறைய வேண்டும், நடுவில் குதிக்கக் கூடாது. கூலன்ட் குறைந்து சென்சார் காற்றில் தொங்கினாலும் தப்பாகவே காட்டும். சென்சாரைக் குறை சொல்லும் முன் அளவைப் பாருங்கள்.

ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் விஷயத்தில் நம் பக்கம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. 'ஹீட் ஆகுது' என்று போனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். 82-88 டிகிரியில் திறக்க வேண்டிய கதவே இல்லாமல் போனால் என்ஜின் வேலைச் சூட்டை எட்டவே நெடுநேரமாகும். இசியூ 'இன்னும் குளிர்தான்' என்று கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். பிளக் கறுக்கும், பெட்ரோல் ஆயிலில் கலக்கும், காலை நடுக்கம் மூன்று நிமிடத்துக்குப் பதில் பதினைந்து நிமிடம் நீளும். பத்து நிமிடம் ஓட்டியும் கூலன்ட் 75ஐத் தாண்டவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது அல்லது அங்கே இல்லவே இல்லை.

படி 5: பொறி

எந்தச் சிலிண்டர் தவறி அடிக்கிறது என்பதைக் கோடே சொல்லும்: பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது. முதல் சிலிண்டரின் காயிலை மூன்றாவதில் மாட்டிப் பாருங்கள். மறுநாள் காலை கோடும் கூடவே நகர்ந்தால் காயில், நகராவிட்டால் பிளக்கை அதேபோல் மாற்றிப் பாருங்கள். ஒரு காலைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. ஓடும் என்ஜினில் காயிலைப் பிடுங்கிப் பார்ப்பது வேண்டாம். ஷாக் ஒரு பக்கம், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிவது இன்னொரு பக்கம்.

மழைக்காலக் காலைகளில் மட்டும் மிஸ்ஸிங் (தவறி அடிப்பது) என்றால் காயிலின் ரப்பர் பூட்டில் விரிசலைத் தேடுங்கள். பிளக் துளையில் ஆயில் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பிளக்கை என்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள். சூடான அலுமினிய ஹெட்டில் மரை பிய்ந்து வரும். வெளிர் பழுப்பு நல்லது, உலர்ந்த கரி பெட்ரோல் அதிகம், ஈரமாகப் பெட்ரோல் மணத்தால் அது அடிக்கவே இல்லை. மற்ற மூன்றும் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்றிருந்தால் மகிழாதீர்கள், அந்தச் சிலிண்டரில் கூலன்ட் இறங்குகிறது. இடைவெளி பொதுவாக 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர், உங்கள் மாடலுக்கு மேனுவலில் உள்ளதே சரி. முதலில் கையாலேயே மரையில் ஏற்றி, பிறகு டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள்: 14 மில்லிமீட்டர் மரைக்குப் பொதுவாக 25 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20.

படி 6: பெட்ரோல்

கேஜ் மாட்டினால் பெரும்பாலான போர்ட் இன்ஜெக்‌ஷன் கார்களில் 3 முதல் 4 பார் இருக்கும். அணைத்தபின் அந்த அழுத்தம் உடனே சரியக் கூடாது. சரிந்தால், பெட்ரோல் டேங்குக்குத் திரும்பாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வு, அல்லது இன்ஜெக்டர் சொட்டல். இரண்டையும் பிரித்தறிய, அணைத்தவுடன் டேங்கிலிருந்து வரும் குழாயை உரிய கருவியால் அடையுங்கள். அப்போது அழுத்தம் நின்றால் பம்ப், அப்படியும் இறங்கினால் இன்ஜெக்டர். சொட்டும் இன்ஜெக்டரைக் கழற்றி, அல்ட்ராசோனிக்கில் கழுவி, ஒவ்வொன்றும் எவ்வளவு பீய்ச்சுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான வேலை. டேங்கில் ஊற்றும் கிளீனர் லேசான அடைப்புக்கு உதவும், சொட்டலை நிறுத்தாது. நேரடி இன்ஜெக்‌ஷன் கார்களின் லைனில் பல மடங்கு அழுத்தம் இருக்கும். அதை வீட்டில் கழற்றவே வேண்டாம்.

படி 7: என்ஜினின் உள்ளே

இதுவரை எதுவும் சிக்கவில்லை என்றால்தான் இங்கே வர வேண்டும். பம்ப் ஃபியூஸை எடுத்து, எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து ஐந்தாறு சுற்று செல்ஃப் அடித்துக் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பாருங்கள். எண்ணைவிட ஒற்றுமை முக்கியம். சிலிண்டர்களுக்கிடையே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மீண்டும் அளந்து, எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். சிஎன்ஜி கிட் போட்ட கார்களில் வால்வு சீட் தேய்ந்து, வால்வுக்கும் அதைத் தள்ளும் டேப்பெட்டுக்கும் உள்ள இடைவெளி இறுகிவிடும். ஹெட்டைக் கழற்றும் முன் டேப்பெட் இடைவெளியை அளந்துவிடுங்கள்.

ஹெட் கேஸ்கெட் சந்தேகத்துக்கு ஒரு நல்ல சோதனை: மாலையில், என்ஜின் ஆறியபின், ரேடியேட்டரில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் பிளக்குகளைக் கழற்றி, துளை வழியே சிறு கேமராவை விட்டால் எந்தப் பிஸ்டன் மேல் கூலன்ட் தேங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். முதல் நிமிட மிஸ்ஸிங்குக்கும் கூலன்ட் குறைவுக்கும் உள்ள உறவு அங்கே அம்பலமாகும்.

ஆயிலையும் மறக்க வேண்டாம். 5டபிள்யூ-30 கேட்கும் என்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், ஆயில் அழுத்தத்தில் இயங்கி வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பு காலையில் மந்தமாகும். அழுக்கு ஆயிலில் அதன் வால்வு சிக்கிக்கொண்டாலும் ஐடிலிங் நடுங்கும், பி0011 போன்ற கோடு விழும்.

டீசல் என்றால்

பிளக்குக்குப் பதில், ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக். வெள்ளைப் புகையோடு கண் எரிச்சலும் சேர்ந்து முதல் நிமிடம் தவறி அடித்தால் ஒன்றோ இரண்டோ குளோ பிளக் போயிருக்கும். கனெக்டரைக் கழற்றி முனைக்கும் என்ஜின் உடம்புக்கும் நடுவே அளந்தால் பொதுவாக 2 ஓமுக்குள் இருக்கும், முடிவிலி காட்டினால் எரிந்துவிட்டது. எல்லாமே சரியாக இருந்து எதற்கும் கரன்ட் வரவில்லை என்றால் ரிலே. அடுத்துப் பார்க்க வேண்டியது டீசல் லைனில் காற்று நுழைகிறதா என்பது.

ஒர்க்‌ஷாப்பில் விடும்போது

காலையில் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். முந்தைய மாலையே விட்டுவிட்டு, "ராத்திரி நிக்கட்டும், காலைல மெக்கானிக் வந்தப்புறம் ஸ்கேனர் மாட்டிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க" என்று ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள். இடம் மாற்றி நிறுத்த வேண்டுமென்றால் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு முறை ஸ்டார்ட் செய்து நகர்த்தினால்கூட அன்றைய சோதனை போய்விட்டது. வேலை முடிந்து வந்ததும் அடுத்தடுத்த மூன்று காலை, படி 2இல் சொன்ன அதே நான்கு எண்களைப் பதிவு செய்து, பழைய பதிவோடு வைத்துப் பாருங்கள். நான்காவது நாள் பழைய எர்ரர் கோடுகளை அழிக்கலாம்.